ஆறு சக்கரம் மட்டும் போதுமா?

திருத்தணியில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் பிரக்யான் நிலவு ஊர்தியின் மாதிரி ஒன்றைக் காண நேர்ந்தது. தகரப் பெட்டி, கம்பிக் கைகள், ஆறு பொம்மைச் சக்கரங்கள். பின்சக்கரத்தில் சிங்கச் சின்னத்தைச் செதுக்கியிருந்த நேர்த்தி பாராட்டத்தக்கது. ‘எந்த மேட்டிலும் ஏறும்’ என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ள ஊர் அல்லவா? ஒரே ஒரு செங்கல்லை எதிரே வைத்தோம். முன்சக்கரம் சற்றே எழுந்தது, நடுச்சக்கரம் அந்தரத்தில் சுழன்றது, வண்டி நின்றுவிட்டது.

காரணம், கைகளைப் பெட்டியோடு அசையாமல் இறுக்கியிருந்தார்கள். உண்மை ஊர்தியில் இருப்பது ‘ராக்கர்-போகி’ அமைப்பு. இருபுறமும் ஒவ்வொரு நீண்ட கை. அதன் ஒரு நுனியில் ஒரு சக்கரம். மறு நுனியில் கீல் போட்ட குட்டைக் கை. அதில் இரண்டு சக்கரங்கள். ஸ்பிரிங் கிடையாது. கல்லின்மேல் ஒரு சக்கரம் ஏறினால் கைகள் மடங்கிக்கொடுக்கும். மற்ற ஐந்தும் தரையை விடா. ஆறுக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால், பின்னுள்ளவை தள்ள, முன்சக்கரம் கல்லைப் பற்றி ஏறுகிறது.

இதைச் சொன்னதும் ஒரு மாணவர் ஆணியைத் தளர்த்தினார். பெட்டி குப்புறச் சாய்ந்தது! அங்கேதான் இவ்வமைப்பின் உயிர்நாடி இருக்கிறது. இரு கைகளையும் தராசுக்கோல் போன்ற ஒரு குறுக்குச் சட்டமோ பல்லிணைப்போ பிணைக்கவேண்டும். ஒரு கை எழும்பினால் மறு கை தாழும். உடல் இரண்டின் சராசரிச் சாய்வில் நிற்கும்.

மாணவர்களைக் குறை கூறிப் பயனில்லை. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கியபோது நாம் எழுதியது என்ன? சின்னத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினோம். அது மண்ணில் பளிச்சென்று பதிந்ததாகப் பரவிய படம்கூடக் கற்பனையே. உண்மையில் அது தெளிவாகப் பதியவில்லை. 26 கிலோ எடையுள்ள அவ்வூர்தி நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் சென்று, சுமார் 100 மீட்டர் கடந்தது. ஆகஸ்ட் 27-ல், 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தென்பட்டதும் திரும்பிவர ஆணையிட்டார்கள். ‘எந்த மேட்டிலும்’ என்று சொன்னவர்கள் இதை எங்கே எழுதினார்கள்?

அமைப்புக்கும் குறையுண்டு. செவ்வாயில் 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரத் தோல் 0.75 மி.மீ. தடிப்பே. மறு ஆண்டே அதில் ஓட்டைகள் விழுந்தன. நிலத்தில் புதைந்த கூரிய பாறைமீது மற்றச் சக்கரங்கள் தள்ளிய விசையும் அதற்கு ஒரு காரணம். ஏறுவதற்கு உதவும் அதே தள்ளுதல்தான்!

அடுத்த கண்காட்சிக்குச் சின்னம் இல்லாவிடினும் குறுக்குச் சட்டம் இருக்கட்டும். எத்தனை செ.மீ. உயரம் ஏறுகிறதென்று அளந்து, அந்த எண்ணையே அட்டையில் எழுதுங்கள்.