ஸ்டென் துப்பாக்கி: சிக்கனம் எங்கே தவறியது?

போர்க் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பலர், ஸ்டென் துப்பாக்கியைச் சிக்கனத்தின் சிகரம் என்று புகழ்வர். வேறு சிலர் அதை வெறும் குழாய்த்துண்டு என்று இகழ்வர். இரண்டும் பாதி உண்மைகளே. அதன் எந்தப் பகுதியில் சிக்கனம் பொருந்தியது, எந்தப் பகுதியில் பொருந்தவில்லை என்று பிரித்துப் பார்ப்பதே அறிவியல் நோக்கு.

1940 மே, ஜூன் மாதங்களில் டன்கர்க்கிலிருந்து மீண்ட பிரிட்டிஷ் படை, தன் ஆயுதங்களில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. வீடுகளுக்குள்ளும் தெருமுனைகளிலும் நடக்கும் நெருங்கிய சண்டைக்கு ஏற்ற, அளவில் சிறிய துப்பாக்கி உடனே தேவைப்பட்டது. ஷெப்பர்டு, டர்பின் என்ற இருவர் 1941இல் ஸ்டென்னை உருவாக்கினர். அக்காலத்து ரைஃபிளின் நீளம் சுமார் 113 செ.மீ.; ஸ்டென்னின் நீளமோ 76 செ.மீ.தான். சிறு பட்டறைகளிலும் செய்யக்கூடிய எளிய உறுப்புகள் கொண்டது. ஏறத்தாழ 40 இலட்சம் செய்யப்பட்டன.

இது இயங்கும் விதம் மிக எளிது. போல்ட் எனப்படும் கனத்த எஃகுத் துண்டைச் சுருள்வில் முன்னே தள்ளுகிறது. அது ஒரு தோட்டாவைக் குழலுக்குள் செலுத்தி வெடிக்கச் செய்கிறது. வாயு அழுத்தம் வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. போல்ட் கனமானதால் உடனே நகர்வதில்லை. அதற்குள் குண்டு குழலை விட்டு வெளியேறி, அழுத்தம் தணிந்துவிடுகிறது. சிக்கலான பூட்டு எதுவும் இல்லை, நிலைமமே பூட்டு! இங்கே சிக்கனம் பாராட்டுக்குரியது.

ஆனால் அதே நிலைமம் வினையாகவும் முடிந்தது. தோட்டா நிரப்பிய ஸ்டென் கைதவறி, கட்டைப்பகுதி தரையில் மோதும்படி விழுகிறது என்று கொள்வோம். துப்பாக்கி சட்டென நின்றுவிடும். உள்ளே போல்ட் மட்டும் தொடர்ந்து கீழே செல்லும். போதிய தூரம் சென்றால், சுருள்வில் அதை மீண்டும் முன்னே தள்ள, யாரும் விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கும். பேருந்தில் திடீரெனப் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்வதும் இதே விதியால்தான். போல்ட்டைப் பூட்டிவைக்கும் எளிய ஏற்பாடு பின்னரே வந்தது.

பெருங்குறை தோட்டாப் பெட்டியில் இருந்தது. இரு வரிசையாக அடுக்கிய 32 தோட்டாக்கள், மேலே வரும்போது ஒரே வரிசையாக நெருங்க வேண்டும். இரண்டு வரிசை மக்கள் ஒரே குறுகிய வாயிலில் நுழைவதைப் போல, அங்கே உராய்வு மிகுதி. சிறிது மண் சேர்ந்தாலும், வாய்விளிம்பு சற்று வளைந்தாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். எனவே பல வீரர்கள் 32க்குக் குறைவாகவே நிரப்பினர். பெட்டி பக்கவாட்டில் நீண்டிருந்ததால் அதையே கைப்பிடியாகப் பற்றும் பழக்கமும் குறையை வளர்த்தது.

1942 மே 27 அன்று பிராகா நகரில் நாஜித் தலைவர் ஹைட்ரிக்கின் காரை மறித்த கப்சீக்கின் ஸ்டென் சுடவில்லை. காரணம் குறித்துப் பல விளக்கங்கள் உண்டு. தோழர் கூபிஷ் எறிந்த குண்டே காரியத்தை முடித்தது. காயமுற்ற ஹைட்ரிக் ஜூன் 4 அன்று இறந்தார். அண்மைச் சண்டையில் இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அப்படியானால் மலிவே குற்றமா? இல்லை. பேட்செட் வடிவமைத்து, 1953இல் பிரிட்டன் ஏற்ற ஸ்டெர்லிங் துப்பாக்கியும் இதே நிலைமத் தத்துவத்தில்தான் இயங்கியது. ஆனால் அதன் வளைந்த பெட்டியில் தோட்டாக்களை உருளைகள் தாங்கின. அவை இடமும் வலமும் மாறிமாறி மேலேறின. கான்பூரில் தயாரிக்கப்பட்டு நம் படைகள் ஏந்திய கார்பைனும் ஸ்டெர்லிங் வகையே.

ஆக, ஸ்டென்னின் குறை அதன் எளிமையன்று. கருவியின் உயிர்நாடி எது என்று ஆராயாமல், எல்லாப் பகுதிகளிலும் ஒரே கத்தரியை வைத்ததே குறை. மிச்சப்பட்ட காசு அரசின் கணக்கில் சேர்ந்தது. நட்டமோ துப்பாக்கியைச் சுமந்தவனின் தலையில் விழுந்தது.