மலையக எழுத்தும் சவுக்கு மரமும்

வட்டகொடையில் எத்திசை நோக்கினும் தேயிலைச் சரிவுகளிடையே ஒரு மரம் கண்ணிற்படும். அதன் இலை காற்றிற் புரளும்போது அடிப்புறம் வெள்ளியாய் மின்னும், பூ பொன்னிறமாயிருக்கும். தாவரவியலார் கிரெவில்லியா ரொபஸ்டா என்பர். கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு கொணரப்பட்டு, தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடையாகவும் நடப்பட்டது.

ஆங்கிலேயர் இதனைச் ‘சில்வர் ஓக்’ என்றனர். ஓக் மரக் குடும்பத்தோடு இதற்கு யாதோர் உறவும் இல்லை. தோட்டத் தமிழர் ‘சவுக்கு’ என்றனர். தமிழகத்திலோ சவுக்கு என்பது கடற்கரை மணலில் வளரும் வேறொரு மரம். அந்நிய மண்ணில் அந்நிய மரத்தைக் கண்டபோது, துரையைப் போலவே தொழிலாளியும் தன் ஊர்ப் பெயரால் அதனை அழைத்தான் எனலாம். சிங்கள மக்கள் வழங்கும் ‘சபுக்கு’ என்ற சொல்லும் ஒலியால் இதற்கு நெருங்கியதே.

இத்துணை வரலாற்றைத் தாங்கிய மரம் நம் கவிதைகளில் எங்கே? இன்றைய மலையகக் கவிதைகள் பலவற்றில் பச்சைக் கம்பளம் விரிகிறது, பனித்திரை விலகுகிறது, அருவி சிரிக்கிறது. இவை உல்லாசப் பயணியின் கண்ணுக்குப்பட்டவை. மரம் என்று ஒன்று வந்தால், அது சங்க நூலின் வேங்கையாகவோ தமிழகக் கிராமத்து மாமரமாகவோ இருக்கிறது. குறிஞ்சிப் புலவன் தன் மலையில் நின்ற வேங்கையைப் பாடினான். அது பூக்குங் காலம் அவன் மக்களுக்கு மணக் காலம். அவனிடம் நாம் கற்க வேண்டியது அந்தப் பார்வையை.

அப்பார்வை நமக்குப் புதிதன்று. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் வெளியிட்ட கவிதை நூலில் தேயிலையின் அடியில் மண்ணாகிப்போன மனிதரைக் கண்டார். பின்னர் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார்.

சவுக்கு என்பது பிழை வழக்கு, திருத்துக என்பாரும் உளர். ஒரு சமூகம் நூறாண்டுக்கு மேலாக வழங்கிய சொல்லை எந்த அகராதி கொண்டு திருத்துவது? எனினும், மண்வாசனைக்காக அச்சொல்லைத் தூவிவிட்டால் மட்டும் எழுத்து உயிர்பெற்றுவிடாது. மரத்தை நட்டவன் எவன், நிழலைச் சீராக்கக் கிளை கழிப்பவன் எவன், விழும் மரத்துக்கு உரியவன் எவன் என்ற வினாக்கள் அச்சொல்லோடு வந்தாக வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், மரத்தை நட்டவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவ்வாறு சென்றவருள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அங்கும் தேயிலையின் நடுவே இதே மரம் நிற்கிறது. ஆனால் அங்குள்ள தமிழர் அதனைச் ‘சில்வர் ஓக்’ என்கின்றனர். சவுக்கு என்றால் அங்கே வேறு மரம். வீட்டையும் ஊரையும் விட்டுச் சென்றவர்கள், தம் பாட்டன் வழங்கிய ஒரு பெயரையும் விட்டுவிட நேர்ந்தது.

இந்த இழப்பைக் கணக்கெடுக்க அரசாங்கத்தில் இலாகா இல்லை. அது எழுத்தாளனின் பொறுப்பு. மலையகத்தின் இளம் எழுத்தாளர்கள் தம் லயத்து வாசலில் நிற்கும் மரத்தின் பெயரை அங்கு வாழும் முதியோரிடம் கேட்டு எழுதத் தொடங்கட்டும்.