பொற்சிலுவையும் கட்சிக் கண்ணும்: 1896 ஆம் ஆண்டின் மாநாட்டுரை ஒன்று பெற்ற எதிர்வினைகள் பற்றிய ஒரு நோக்கு

மேடைப் பேச்சினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே ஒரு தயக்கம் நிலவி வருகின்றது. பேச்சு காற்றோடு போவது, எழுத்தே நிலைப்பது என்னும் எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். ஆயினும் ஒரு பேச்சு யாரைக் களிக்கச் செய்தது, யாரைச் சினக்கச் செய்தது, அக்களிப்பும் சினமும் பேச்சின் உள்ளடக்கத்தை எவ்வளவுக்குத் தொட்டன என்பனவற்றை ஆராயுமிடத்து, ஒரு சமுதாயத்தின் உள்முரண்பாடுகள் தெளிவாகப் புலப்படுகின்றன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது, வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் 1896 யூலை 9 ஆந் திகதி சிக்காகோ நகரில், அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் நிகழ்த்திய உரையாகும்.

உரையின் பின்னணியை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1893 இல் ஏற்பட்ட நிதி நெருக்கடி வங்கிகளையும் தொழிற்சாலைகளையும் வீழ்த்தியது. கோதுமை, பருத்தி ஆகியவற்றின் விலைகள் ஆண்டுக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்தன. விவசாயியின் கடனோ இறங்கவில்லை. தங்கத்தை மட்டுமே நாணய அடிப்படையாகக் கொண்டதனாற் பணம் அருகிற்று எனவும், தங்கத்துக்கு 16 மடங்கு வெள்ளி என்னும் வீதத்தில் வெள்ளியையுந் தடையின்றி நாணயமாக்கல் வேண்டும் எனவும் மேற்கிலும் தெற்கிலும் கோரிக்கை எழுந்தது. அப்போது ஜனாதிபதியாக விளங்கிய கிளீவ்லாந்து அதே கட்சியைச் சேர்ந்தவர். எனினும் அவர் தங்கத்தின் பக்கமே நின்றார். இந்நிலையிலேயே நெப்ராஸ்காவைச் சேர்ந்த 36 வயதினரான பிரையன் மேடையேறினார். தொழிலாளரின் தலையில் முள்முடி சூட்டலாகாது, மனித குலத்தைப் பொற்சிலுவையில் அறையலாகாது என்னும் பொருள்பட அவர் உரையை முடித்ததும் பேராளர்கள் அவரைத் தோள்களிலே தூக்கி ஆரவாரித்தனர். மறுநாள், ஐந்தாவது வாக்கெடுப்பில், அவரே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார்.

ஆதரித்தோர் இவ்வுரையை ஓர் அருள்வாக்காகவே ஏற்றனர். ஆயின் அச்சிலுவைப் படிமம் அக்கணத்திலே உதித்ததன்று. 1894 இலேயே காங்கிரசில் அவர் அதனைக் கையாண்டிருந்தார். அன்று பெரிதாக எடுபடாத ஒரு தொடர், ஈராண்டின் பின் ஒரு மண்டபத்தையே அதிரச் செய்தமைக்குச் சொல்லின் ஆற்றல் மாத்திரம் காரணமாகாது. கேட்போரின் வாழ்நிலை அச்சொல்லுக்காகக் காத்திருந்தது என்பதே பொருந்தும்.

எதிர்த்தோரின் கூற்றுக்களும் இத்தகையனவே. நாணயவியல் அடிப்படையில் நின்று மறுத்த அறிஞர்கள் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் கிழக்குக் கரையின் செல்வாக்கு மிக்க ஏடுகளில் மேலோங்கி ஒலித்தது வேறு குரலாகும். 'ஜட்ஜ்' என்னும் சித்திர வார இதழ், சிலுவையையும் முள்முடியையும் ஏந்தி வேதநூலை மிதித்து நிற்பவராகப் பிரையனை வரைந்து, தெய்வ நிந்தனையாளர் என இகழ்ந்தது. 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையோ, அவருக்குச் சித்தப்பிரமையா என்னும் வினாவையே தலைப்பாக்கி, மனநோய் மருத்துவர் ஒருவரின் கடிதத்தையும் 1896 செப்டெம்பரில் வெளியிட்டது. ஆட்சியாளரும் செல்வரும் தம்மை எதிர்க்கும் குரலுக்கு விடை கூறாது, அக்குரலுக்குரியவரின் மூளையைச் சோதிக்க முற்படுவது வரலாற்றிற் பலமுறை கண்ட வழக்கமேயாம்.

இரு சாராரும் இறுதி வாக்கியத்திலேயே நின்றுவிட்டமை ஈண்டுக் கவனிக்கத்தக்கது. உரையின் நடுப்பகுதியிலேதான் அதன் உயிர்நாடி உள்ளது. 'தொழில் முயல்வோர்' என்னும் சொல்லின் பொருளைப் பிரையன் அங்கே விரிவாக்குகின்றார். கூலிக்கு உழைப்பவன், சிற்றூர் வழக்கறிஞன், நாற்சந்திக் கடைக்காரன், விவசாயி, சுரங்கத் தொழிலாளி ஆகிய யாவரும் பெருநகர வணிகருக்கு ஒப்பாக அப்பெயருக்கு உரியர் என வாதிடுகின்றார். 1895 இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிய வருமான வரிக்காகவும் வாதாடுகின்றார். செல்வரை வளர்த்தால் அச்செல்வம் கீழே கசியும் என்னும் கொள்கைக்கு எதிராக, உழைப்போரை வளர்த்தால் அவ்வளம் எல்லா வகுப்பினரையும் எட்டும் என்னும் கொள்கையை நிறுத்துகின்றார். ஒரு சொல்லின் உரிமை பற்றிய போராட்டமாக இவ்வுரையை நோக்கியவர் அன்று மிகச் சிலரே.

ஆரவாரத்தின் நடுவிலும் ஒருவர் சிந்தித்தார். அவர் இலினோய் மாநில ஆளுநர் அல்கெல்ட். ஹேமார்க்கெற் வழக்கிற் சிறையிருந்த மூவரை 1893 இல் விடுவித்து அதன் பொருட்டுப் பெரும் பழியேற்றவர். வெள்ளிக் கோரிக்கையின் ஆதரவாளருங் கூட. மறுநாள் அவர் தம் நண்பர் கிளாரன்ஸ் டாரோவிடம், பிரையன் உண்மையில் என்னதான் கூறினார் என வினவினாராம். டாரோவே தம் வாழ்க்கை வரலாற்றில் இதனைப் பதிவு செய்துள்ளார். சீர்திருத்தவாதியான ஹென்றி டெமறெஸ்ற் லோயிட்டோ, பிறர் கட்டிய கூட்டிலே முட்டையிடும் பறவைக்கு வெள்ளி இயக்கத்தை ஒப்பிட்டார். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை அறிந்த நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

அல்கெல்டின் வினா எத்துணைப் பொருத்தமானது என்பதை நம் நாட்டு வரலாறே உணர்த்தும். அக்காலத்தில் இலங்கையில் வழங்கியது வெள்ளி ரூபாயாகும். தேயிலையை இலண்டனிற் பவுணுக்கு விற்று, கூலியை ரூபாயில் வழங்கிய தோட்டத் துரைமாருக்கு வெள்ளியின் மதிப்பிறக்கம் இலாபமாகவே முடிந்தது. நெப்ராஸ்கா விவசாயிக்கு மீட்பராகத் தோன்றிய அதே உலோகம் மலையகத்தில் முதலாளியின் நண்பனாயிற்று. உலோகத்துக்கென வர்க்கக் குணம் ஏதுமில்லை. யார் கையில், எவ்வுற்பத்தி உறவுகளிடையே அது இயங்குகின்றது என்பதே வினா. பிரையனின் உரை இவ்வினாவை எழுப்பவில்லை.

அவ்வுரையின் மௌனமும் பொருள் பொதிந்தது. அதே 1896 மே மாதத்தில், பிளெசி வழக்கின் தீர்ப்பு மூலம் இனப்பாகுபாட்டுக்கு உயர் நீதிமன்றம் சட்ட வலுவளித்திருந்தது. தெற்கிற் பருத்தி விளைவித்த கறுப்பின மக்களுக்கு உழைப்போர் பற்றிய அவ்வுரையில் இடமில்லை. அவர்தம் வாக்குரிமையைப் பறித்துக்கொண்டிருந்த தென்மாநிலப் பேராளர்களும் அம்மண்டபத்தில் அமர்ந்து கைதட்டினர்.

தேர்தலிற் பிரையன் 176 தேர்வாளர் வாக்குகளையும், குடியரசுக் கட்சியின் மக்கின்லி 271 வாக்குகளையும் பெற்றனர். ஆயின் அதனினும் பெரிய இழப்பு வேறொன்றுண்டு. புகைவண்டிப் பாதைகளை அரசுடைமையாக்கல் முதலிய திட்டங்களை 1892 இல் முன்வைத்த மக்கள் கட்சி, அதே யூலை மாதத்திற் சென்லூயி நகரிற் கூடிப் பிரையனையே தன் வேட்பாளராக ஏற்றது. அதன்பின் அது தேய்ந்து மறைந்தது. குயிற் குஞ்சு வளர்ந்தது. கூட்டுக்குரியன வெளியே வீழ்ந்தன.

மேடைப் பேச்சிடம் பொருளியல் நூலின் நுட்பத்தை எதிர்பார்க்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். பேச்சாளனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கேட்போரிடமும் திறனாய்வாளரிடமும் எதிர்பார்த்தே ஆகவேண்டும். மக்களின் துயருக்கு மொழி கொடுத்த ஒரு பேச்சினை வெற்றுச் சொல்லலங்காரமென ஒதுக்குதல் செல்வர் பத்திரிகைகளின் வழி. அதனை வேதமாகக் கொண்டு தோளிற் சுமத்தல் அம்மண்டபத்தின் வழி. முற்போக்காளர் என நம்மைக் கூறிக்கொள்ளும் நாம் எதிரணியின் பேச்சுக்களை உரைத்துப் பார்ப்பதில் வல்லவராயிருக்கின்றோம். நம் அணியின் பேச்சுக்குக் கைதட்டிய மறுநாட் காலையில், அவர் உண்மையில் என்ன கூறினார் என வினவும் துணிவு நமக்கு உண்டா என்பதே நம் திறனாய்வின் நேர்மையை அளக்கும் உரைகல்லாகும்.