பாதி ஆட்டங்களில் தோற்பவரின் கணக்கு: 'ஸ்டார்கிராஃப்ட் 2' பற்றி ஒரு திறனாய்வு

விளையாட்டுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். கற்றுக்கொள்ளும்போதே இன்பம் தருபவை ஒரு வகை. கற்றுத் தேர்ந்த பிறகே இன்பம் தருபவை மற்றொரு வகை. பல்லாங்குழி முதல் வகையைச் சேர்ந்தது. விதிகளைக் கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே அமர்ந்து ஆடத் தொடங்கலாம். கணிப்பொறியில் ஆடப்படும் போட்டி வியூக விளையாட்டுகள் இரண்டாம் வகை என்பது பலரின் எண்ணம். "முதலில் நூறு ஆட்டம் தோற்றுவிட்டு வா, பிறகுதான் சுவை தெரியும்" என்று பழகியவர்கள் புதியவர்களிடம் சொல்வதுண்டு.

இந்த அறிவுரை சரியானதா? தோற்றுக்கொண்டிருக்கும் காலம் வெறும் தண்டனைக் காலந்தானா? இத்தகைய விளையாட்டுகளுள் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

ஆட்டத்தின் அமைப்பு

அமெரிக்காவின் பிளிசர்ட் நிறுவனம் 1998இல் 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. தென்கொரியாவில் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் அளவுக்குப் பரவியது. அதையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர்களும் தோன்றினர். அதன் இரண்டாம் பாகம் 2010 ஜூலையில் வந்தது. 2017 நவம்பர் முதல் அதன் போட்டிப் பகுதியைக் கட்டணமின்றி ஆடலாம்.

இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் ஒரு தலைமையகமும் 12 தொழிலாளிகளும் உண்டு. டெர்ரன், ஸெர்க், புரோட்டாஸ் என்ற மூன்று இனங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தொழிலாளிகள் கனிமத்தையும் வாயுவையும் சேகரிப்பார்கள். அச்செல்வத்தைக் கொண்டு கட்டடங்கள் எழுப்பி, வீரர்களை உருவாக்கி, எதிரியின் கட்டடங்கள் அனைத்தையும் அழிக்கவேண்டும். அல்லது எதிரி தாமாகவே தோல்வியை ஒப்புக்கொள்ளவேண்டும்.

சதுரங்கத்துக்கும் இதற்கும் இரண்டு முக்கிய வேறுபாடுகள் உண்டு. ஒன்று, இங்கே முறை வைத்து ஆடுவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. மற்றொன்று, சதுரங்கப் பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். இங்கோ களத்தின் மீது மூடுபனி போர்த்தியிருக்கும். நம் ஆள் நிற்கும் இடத்தைச் சுற்றிமட்டுமே நமக்குத் தெரியும். எதிரி என்ன செய்கிறார் என்று அறிய ஒற்றரை அனுப்பவேண்டும்.

ஏன் எப்போதும் பாதி?

புதியவரை முதலில் சோர்வடையச் செய்வது தோல்வியின் எண்ணிக்கை. ஒரு மாதம் முயன்று ஆடியவரும் தம் கணக்கைப் பார்த்தால் ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் தோற்றிருப்பார். மறுமாதமும் அப்படியே. "நான் முன்னேறவே இல்லை" என்று முடிவுகட்டி விலகிவிடுவார். இந்த முடிவு தவறு. ஏன் தவறு என்பதை விளக்க ஓர் இயற்பியல் ஆசிரியரிடம் போகவேண்டும்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அர்பாத் ஈலோ (1903–1992), மில்வாக்கி நகரில் உள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர், சதுரங்கத்திலும் வல்லவர். ஆட்டக்காரர்களின் திறனை ஓர் எண்ணால் குறிக்கும் முறையை அவர் வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. அவர் முறைப்படி இருவரின் எண்கள் சமமானால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி வேறுபாடு இருந்தால் உயர்ந்தவர் 100க்கு 76 புள்ளி எடுப்பார். 400 ஆனால் 11 ஆட்டங்களுக்கு 10 என்ற விகிதம். ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்து எண்கள் திருத்தப்படும்.

ஸ்டார்கிராஃப்ட் 2 இக்கருத்தின் வழிவந்த ஒரு கணக்கைப் பயன்படுத்தி, நமக்கு நிகரானவரையே எதிரியாகத் தேடித் தருகிறது. நாம் வென்றால் அடுத்த எதிரி சற்று வலியவர். தோற்றால் சற்று எளியவர். வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் செய்யும் வேலையே இது. தெர்மோஸ்டாட் பொருத்திய அறையில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தால், வெளியே வெயில் ஏறியதா இறங்கியதா என்று தெரியாது. அதுபோலவே வெற்றி விழுக்காட்டைப் பார்த்துத் திறன் வளர்ந்ததா என்று அறிய இயலாது. குளத்தில் நீர் உயர உயரத் தாமரைத் தண்டும் நீள்கிறது. கரையில் நிற்பவருக்கோ மலர் என்றும் நீர்மட்டத்திலேயே இருப்பதாகத் தோன்றும்.

ஆகவே பாதித் தோல்வி என்பது ஆட்டக்காரரின் குறை அன்று. கருவி சரியாக வேலை செய்கிறது என்பதன் அடையாளம். நிகரானவரோடு ஆடும் ஆட்டத்தில்தான் முடிவு முன்கூட்டியே தெரியாது. முடிவு தெரியாத ஆட்டத்தில்தான் சுவை உண்டு. இந்த வகையில், கற்றுக்கொண்டிருப்பவருக்கும் வல்லவருக்கும் இவ்விளையாட்டு ஒரே அளவு சுவையைப் பங்கிட்டுத் தருகிறது. இதன் முதற் சிறப்பு இதுவே.

கையின் வேகமா, கணக்கா?

தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300க்கு மேற்பட்ட கட்டளைகள் இடுவதைக் கண்டு, "இது விரல் வேகத்தின் ஆட்டம், நமக்கு ஆகாது" என்று ஒதுங்குவோர் உண்டு. தொடக்க நிலையில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் விரல் அன்று, கூட்டல் கணக்கு.

ஒரு தொழிலாளியின் விலை 50 கனிமம். அவரை உருவாக்க 12 வினாடி ஆகும். ஒரு தலைமையகம் நிமிடத்துக்கு 5 தொழிலாளிகளைத் தரும். நெரிசல் இல்லாதவரை ஒரு தொழிலாளி நிமிடத்துக்கு 50க்குச் சற்று மேற்பட்ட கனிமம் ஈட்டுவார். அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தம் விலையைத் திருப்பித் தந்துவிடுவார். அதன்பின் வருவதெல்லாம் ஆதாயம்.

தொடக்கத்தில் எங்கோ நடக்கும் சிறு சண்டையை வேடிக்கை பார்த்து, ஒரு நிமிடம் தொழிலாளிகளை உருவாக்க மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 5 பேர் குறைவு. அப்போதைக்கு 250 கனிமம் மிச்சந்தான். ஆனால் அடுத்து வரும் ஒவ்வொரு நிமிடமும் வருவாயில் 250 குறையும். இடையில் ஈடுசெய்யாவிட்டால் ஐந்து நிமிடத்தில் 1250 போகும். மிச்சமான 250ஐக் கழித்தால் நட்டம் 1000. மரீன் என்னும் டெர்ரன் வீரரின் விலை 50. எனவே 20 வீரர்கள் குறைவாகப் போர்க்களம் போகிறோம். அங்கே தோற்றதும், "சண்டையிடத் தெரியவில்லை" என்று நொந்துகொள்கிறோம். உண்மையில் சண்டை தோற்றது ஐந்து நிமிடத்துக்கு முன்பு, தலைமையகத்தின் வாசலில்.

இந்தத் தவறைத் திருத்த நிமிடத்துக்கு ஐந்து கட்டளை போதும். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு ஆணையிட்டு வரிசையில் நிறுத்தலாமே என்று தோன்றும். ஆணையிட்ட உடனே ஐவரின் விலையும் எடுத்துக்கொள்ளப்படும். நால்வரின் பணம் பயனின்றி முடங்கும். நினைவும் சிக்கனமும் ஒன்றோடொன்று மோதும் இந்தச் சிறு இடத்தில்தான் விளையாட்டின் அழகு இருக்கிறது.

மூன்று, நான்கு, ஐந்து

சிறு வேறுபாடு பெருந்தோல்வியாக மாறுவது எப்படி? ஆங்கிலப் பொறியியலாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர், விமானப் போர் குறித்து 1916இல் வெளியிட்ட நூலில் ஒரு விதியைத் தந்தார். தொலைவிலிருந்து சுடும் இரு படைகளில் எல்லா வீரரும் சமவலிமை உடையவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் சுட முடியும் என்று கொள்வோம். அப்போது இரு எண்ணிக்கைகளின் வர்க்கங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு சண்டை முழுவதும் மாறாது. ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்த மாணவருக்கு இந்த வகை விதி புதிதன்று.

10 மரீன்கள் 8 மரீன்களைச் சந்திக்கட்டும். 100 இல் 64 போனால் 36. அதன் வர்க்கமூலம் 6. அதாவது எட்டுப் பேரும் மாண்டபின் எதிரியிடம் 6 பேர் மிஞ்சுவர். மூன்று, நான்கு, ஐந்து என்ற பழைய செங்கோண முக்கோணமே இரட்டித்து இங்கே நிற்கிறது. தோற்றவர் கண்ணுக்கு ஆறு பேர் வித்தியாசத்தில் நசுக்கப்பட்டதாகத் தெரியும். உண்மையில் அவர் பின்தங்கியிருந்தது இரண்டே பேரால்.

மற்றொரு கணக்கு. இருபுறமும் பத்துப் பத்துப் பேர். நாம் மட்டும் ஐந்து ஐந்தாக அனுப்புகிறோம். முதல் ஐவரை முடித்தபின் எதிரியிடம் எஞ்சுவது 75இன் வர்க்கமூலம். அடுத்த ஐவரையும் முடித்தபின் 50இன் வர்க்கமூலம், அதாவது ஏழு பேர். சமமான படை, சமமான செலவு. ஆயினும் ஏழு பேர் மிஞ்ச அவர் வென்றுவிட்டார். புதிய வீரர்கள் வர வர ஒவ்வொருவராகக் களத்துக்கு அனுப்பும் தொடக்கநிலைப் பழக்கம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை இது காட்டும்.

இவ்விதி எல்லா இடத்திலும் செல்லாது. குறுகிய வழியில் கைகலக்கும் வீரர்களுள் முன்வரிசையினர் மட்டுமே போரிட முடியும். அங்கே எண்ணிக்கைப் பெருமை குறைந்துவிடும். குறைந்த படையுடையவர் குறுகிய வழியைத் தேடி நிற்பதன் காரணம் இதுவே. விதி செல்லும் இடத்தையும் செல்லாத இடத்தையும் ஆடுபவரே கண்டுபிடிக்கலாம் என்பது இயற்பியல் படித்தவருக்குக் கிடைக்கும் தனி இன்பம்.

பனி விலகிய களம்

இவ்வளவு காரணங்களையும் ஆட்டத்தின் நடுவில் எவரும் காண இயலாது. அதற்கென்றே 'ரீப்ளே' என்னும் ஆட்டப் பதிவு உள்ளது. முடிந்த ஆட்டத்தை மறுபடி ஓடவிடலாம், நிறுத்தலாம், விரைவுபடுத்தலாம். மூடுபனியும் இராது. எதிரியின் களஞ்சியம், தொழிலாளி எண்ணிக்கை, நம்மைத் தாக்கப் புறப்பட்ட நேரம் எல்லாம் தெரியும். செலவிடாமல் வைத்திருந்த கனிமத்தின் சராசரியையும் ஆட்ட முடிவுப் பட்டியல் தருகிறது. ஆய்வகத்தில் சோதனை தவறிப்போனால், எந்த அளவீட்டில் தவறியது என்று திரும்பிப் பார்க்க எல்லாப் பதிவும் கிடைப்பது அரிது. இங்கே அது ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது. கற்பிக்கும் கருவி என்ற வகையில் இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

ஆனால் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ஆட்டம் முடிந்ததும் வெற்றி அல்லது தோல்வி என்ற ஒற்றைச் சொல் திரை முழுவதும் நிற்கிறது. அடுத்துப் புள்ளியும், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏறும் பிரிவுச் சின்னமும் கண்ணில் படுகின்றன. காரணம் சொல்லும் பட்டியலை நாமே தேடிச் செல்லவேண்டும். மதிப்பெண்ணை முகப்பில் அச்சிட்டு, திருத்திய விடைத்தாளை அலமாரியில் பூட்டிய பள்ளியைப் போன்றது இது.

தனியாள் ஆடும் கதைப் பகுதியும் போட்டிக்கு நல்ல பாதை அன்று. அது புதிய வீரர்களை ஒவ்வொரு வகையாக அறிமுகம் செய்து மகிழ்விக்கிறது. ஆனால் அதில் வரும் வீரர்கள் சிலர் போட்டியில் இல்லவே இல்லை. அங்கே எதிரி எழுதிவைத்தபடி வருவார். ஒற்றரை அனுப்பவேண்டிய தேவை குறைவு. அதை முடித்துவிட்டுப் போட்டிக்கு வருபவர், குளத்தில் நீந்திப் பழகிக் கடலில் இறங்கியவர் ஆவார். மேலும், விளையாட்டின் சொற்களும் விளக்கங்களும் தமிழில் இல்லை. கணக்கு புரிந்தும் கட்டளைப் பெயர் புரியாமல் நிற்கும் தமிழ்வழி மாணவருக்கு இது கூடுதல் சுமை.

இயந்திரம் கற்ற விதம்

டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்னும் நிரல், 2019இல் இவ்விளையாட்டில் தரவரிசை பெற்றவர்களில் 99.8 விழுக்காட்டினரை விட மேலான நிலையை எட்டியதாக 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அது முதலில் மனிதர் ஆடிய பதிவுகளைப் பார்த்துக் கற்றது; பிறகு தன் வடிவங்களோடு தானே ஆடியது. அவ்வடிவங்களுள் சில, எல்லாரையும் வெல்வதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. முதன்மை வடிவத்தின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அதைத் தோற்கடிப்பதே அவற்றின் பணி. அந்தத் தோல்விகளைக் கொண்டு முதன்மை வடிவம் தன்னைத் திருத்திக்கொண்டது.

இயந்திரத்துக்கு இதற்காக எதிராளிகளைப் பாடுபட்டுச் செய்யவேண்டியிருந்தது. மனிதருக்கோ போட்டி ஏணியே அவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் அனுப்பிவைக்கிறது. நம் ஓட்டையைக் கண்டு உள்ளே நுழைந்த எதிரி, கட்டணம் வாங்காத ஆசிரியர்.

முடிவாக

"நூறு ஆட்டம் தோற்றுவிட்டு வா" என்ற அறிவுரையில் எண்ணிக்கை சரியாக இருக்கலாம், கருத்து தவறு. சுவை நூற்றொன்றாம் ஆட்டத்தில் தொடங்குவதில்லை. ஒரு கேள்வியோடு நுழைந்தால் முதல் ஆட்டத்திலேயே தொடங்கிவிடும். இன்று ஐந்தாம் நிமிடம்வரை தொழிலாளி உற்பத்தி நிற்காமல் இருக்குமா? மூன்றாம் நிமிடத்துக்குள் ஒற்றர் எதிரியின் வாசலைப் பார்ப்பாரா? படை பிரியாமல் ஒன்றாகச் செல்லுமா? இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடி, பின் பதிவைப் பார்த்து விடை எழுதுங்கள். ஆட்டத்தில் தோற்றிருந்தும் விடை "ஆம்" என்று வரும் நாள்கள் உண்டு. வென்றிருந்தும் "இல்லை" என்று வரும் நாள்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டமும் ஒரு பதிவும் போதும். பதிவைப் பாராமல் பத்து ஆட்டம் ஆடுவதைவிட அது மேல். நல்ல ஆசிரியரும் மோசமான மதிப்பெண் பட்டியலும் ஒரே பள்ளியில் இருக்கக்கூடும் என்பதற்கு ஸ்டார்கிராஃப்ட் 2 ஒரு சான்று. பட்டியலை ஒதுக்கிவிட்டு ஆசிரியரிடம் மட்டும் போகத் தெரிந்தவருக்கு, கற்கும் காலமே ஆடும் காலம்.