அல்லேன் என்பதும் இல்லை என்பதும்

லியோனார்ட் நிமாய் என்ற அமெரிக்க நடிகர் தம் வாழ்க்கையைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். 1975ல் வெளிவந்த முதல் நூலின் பெயரைத் தமிழில் 'நான் ஸ்பாக் அல்லேன்' என்று சொல்லலாம். இருபது ஆண்டுகள் கழித்து, 1995ல் வெளிவந்த இரண்டாம் நூலின் பெயர் 'நான் ஸ்பாக்'. ஒருவர் தாம் இன்னார் அல்லர் என்று சொல்ல ஒரு நூலும், அவரே தாம் என்று சொல்ல மற்றொரு நூலும் எழுத நேர்ந்ததென்றால், இடையே ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும். நிகழ்ந்தது இதுதான்: அவரைக் காணப் பல்லாயிரம் பேர் வந்தார்கள், வந்தவர்கள் காண விரும்பியதோ அவரை அன்று.

ஸ்பாக் யாரென அறியாதார்க்குச் சில சொற்கள். 'ஸ்டார் ட்ரெக்' என்பது ஜீன் ராடன்பெரி உருவாக்கி, 1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் 79 பகுதிகளாக ஒளிபரப்பான விண்வெளிக் கதைத் தொடர். அதில் வரும் விண்கலத்தின் அதிகாரிகளுள் ஒருவர் ஸ்பாக். தந்தை வல்கன் என்னும் வேற்றுக் கிரகத்தவர். தாய் நம் பூமியின் பெண். கூரிய காதுகள், மேல்நோக்கி ஏறிய புருவங்கள், உணர்ச்சியை அடக்கி அறிவை மட்டுமே ஆளவிடும் இயல்பு: இவை அவருடைய அடையாளங்கள். இரு இனத்துக்கும் பிறந்து, இரண்டிலும் முழுமையாகச் சேராத அந்தத் தனிமைதான் எத்தனையோ இளம் உள்ளங்களை அவர்பால் ஈர்த்தது. பார்ப்போர் போதவில்லை என்று தொடரை நிறுத்திவிட்டார்கள். பின்னர் உள்ளூர் நிலையங்கள் பழைய பகுதிகளையே மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. முதலில் வாராத கூட்டம் அப்போது வந்து சேர்ந்தது.

1972 ஜனவரியில் நியூயார்க் நகரின் ஸ்டாட்லர் ஹில்டன் ஓட்டலில் இத்தொடரின் ரசிகர்கள் பெரிய மாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தனர். ராடன்பெரி வந்தார், செவிலியாக நடித்த அவர் மனைவி மேஜல் பாரட் வந்தார், எழுத்தாளர் ஐசக் அசிமோவ் வந்தார், நாசா நிறுவனம் காட்சிப் பொருள்கள் அனுப்பியது. ஆனால் தொடரின் தலைமை நடிகர்கள் எவரும் வரவில்லை. இதை வாசகர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். முதல் மாநாட்டுக்கு மக்கள் வந்தது நடிகர் முகம் காண்பதற்கன்று. தம்மைப் போலவே இந்தக் கதையில் மனம் தோய்ந்தவர் வேறு யாரேனும் உண்டா என்று தெரிந்துகொள்ள வந்தார்கள்.

நடிகர்களை அழைப்பது அடுத்தடுத்த மாநாடுகளில் வழக்கமாயிற்று. அதன்பின் மாநாட்டின் நடுவில் ஒரு மேசை வந்தது; மேசைக்கு முன்னே ஒரு வரிசை வந்தது; நாளடைவில் கையொப்பத்துக்கு ஒரு விலை, உடன் நின்று படம் எடுத்துக்கொள்ள வேறொரு விலை என்றாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் மனத்தில் சொல்லிப் பார்த்த சொற்களைச் சில விநாடிக்குள் சொல்லி முடித்து, அடுத்தவர்க்கு வழிவிட வேண்டும். இதைக் கேலி செய்வது எளிது. கேலி செய்தோரும் பலர். எனினும், அந்த மேசைக்கு எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டவர்கள் என்ற வினாவைக் கேட்டோர் சிலரே. நிமாயின் முதல் நூல் அவ்வினாவைக் கேட்கிறது. அதனால்தான் அதை இன்றும் படிக்கலாம் என்கிறேன்.

அந்நூலின் பெயருக்குக் காரணமான நிகழ்ச்சி மிகச் சிறியது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஒரு தாய் அவரை அடையாளம் கண்டு, தன் சிறுவனை அழைத்து வந்து, 'இவர்தான் உனக்குப் பிடித்த ஸ்பாக்' என்று காட்டுகிறாள். சிறுவன் நிமிர்ந்து பார்க்கிறான். அவன் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. எதிரே நிற்பவர் சாதாரண உடை அணிந்த, சாதாரணக் காதுகள் உடைய ஒரு மனிதர். தாய் கண்டதைப் பிள்ளை காணவில்லை. இங்கே சரியாகப் பார்த்தவன் பிள்ளைதான் என்பது நிமாய்க்குப் புரிந்துவிடுகிறது. அந்தப் புரிதலிலிருந்து எழுந்த நூல் அது. அதற்குள் நிமாயும் ஸ்பாக்கும் எதிரெதிரே அமர்ந்து உரையாடும் பகுதிகள் உண்டு. நடிகர் குறைகூறுகிறார், பாத்திரம் புருவம் உயர்த்தி விடை சொல்கிறது. தொலைக்காட்சிப் பாத்திரங்களுள் ஒன்றாக நீ இருக்கலாம் என்று யாரேனும் வரம் கொடுத்தால் ஸ்பாக்கையே தேர்ந்தெடுப்பேன் என்றும் அவர் எழுதுகிறார். இது வெறுப்பில் எழுதிய நூலன்று.

ஆயினும் ரசிகர்கள் சினந்தார்கள். பலர் நூலைத் திறக்கவே இல்லை. அட்டையைப் பார்த்தார்கள், அது போதுமாயிருந்தது. ஸ்பாக்கை அவர் கைவிட்டுவிட்டார், நன்றி மறந்தார் என்று கடிதங்கள் பறந்தன.

இந்தச் சினத்தை விளக்க நம் தமிழ் இலக்கணமே துணை நிற்கிறது. 'அன்று' என்பதற்கும் 'இன்று' என்பதற்கும் நம் முன்னோர் வேறுபாடு வகுத்தார்கள். 'இவன் அவன் அல்லன்' என்றால் இருவரும் வேறு என்று பொருள்; 'அவன் இல்லை' என்றால் அப்படி ஒருவனே கிடையாது என்று பொருள். பேச்சு வழக்கில் இரண்டையும் 'இல்லை' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அந்தக் குழப்பத்துக்கு இடமுண்டு. நிமாய் சொன்னது 'அல்லேன்'. ரசிகர் செவியில் விழுந்தது 'இல்லை'. தம் இளமையின் தனிமையில் துணையிருந்த ஒருவர் இல்லை என்று சொல்லப்படுவதைக் கேட்டால் யார்க்குத்தான் பொறுக்கும்?

கப்பல் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னரோ இந்த நுட்பத்துக்கெல்லாம் நிற்கவில்லை. 1986 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில், மாநாட்டு மேடையில் நிற்கும் தம்மையே தாம் நடித்துக் காட்டினார். ரசிகர்கள் அற்ப விவரங்களைத் துருவித் துருவிக் கேட்க, போய் உருப்படியாக வாழுங்கள் என்று அவர் வெடித்துவிடுகிறார். மாநாடு நடத்துபவர் ஒப்பந்தத்தை நினைவூட்டுகிறார். உடனே மேடைக்குத் திரும்பி, இப்போது பேசியது தொடரின் ஒரு பகுதியில் வந்த தீய கர்க்கின் நடிப்பு என்று சமாளிக்கிறார். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் கொட்டு வாங்கியவன் பணம் கொடுத்து வந்தவன். கொட்டியவர் அந்தப் பணத்தைப் பெற்றவர். 1999ல் ஷாட்னர் அதே ஏச்சைத் தலைப்பாக வைத்து ஒரு நூல் வெளியிட்டு, மாநாட்டுக்கு வருவோரை நெருங்கிப் பார்த்து மதிப்பும் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

அதே ஆண்டு வந்த 'கேலக்சி குவெஸ்ட்' என்ற திரைப்படம் இந்நூல்கள் பலவற்றினும் கூர்மையான திறனாய்வு என்பது என் கருத்து. நின்றுபோன ஒரு தொடரின் நடிகர்கள் மாநாடு மாநாடாகச் சென்று பிழைக்கிறார்கள். தொடரை மெய்யென்று நம்பும் வேற்றுக் கிரகத்தார் அவர்களை உதவிக்கு அழைத்துப் போகிறார்கள். மாநாட்டில் ஒரு சிறுவன் விண்கலத்தின் அமைப்பைப் பற்றிக் கேட்டபோது, எல்லாம் பொய் என்று எரிந்து விழுந்த நடிகர், உயிர் போகும் வேளையில் அதே சிறுவனிடம் வழி கேட்க வேண்டியிருக்கிறது. நடிகருக்கு மறந்தது ரசிகனுக்கு நினைவிருக்கிறது. ஆலன் ரிக்மன் ஏற்ற பாத்திரம் படம் முழுதும் வெறுத்து ஒதுக்கிய ஒரு பழைய வசனத்தை, தன்னை நேசித்து உயிர்விடும் ஒருவனுக்காக முதன்முறையாக உளமாரச் சொல்லும் காட்சி ஒன்று போதும். நகைச்சுவைப் படத்தில் கண் கலங்க வைப்பது எளிய செயலன்று.

கற்பனைக் கதை கிடக்கட்டும். மெய்யாக நடந்ததொன்று உண்டு. பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன், 1997ல் வந்த 'ட்ரெக்கீஸ்' என்ற ஆவணப்படத்தில் அதைத் தம் வாயாலேயே சொல்கிறார். ரசிகை ஒருத்தியிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். டூஹன் அவளைத் தொலைபேசியில் அழைத்து, இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு மாநாட்டுக்கு வருகிறேன், உன்னை அங்கே பார்க்க வேண்டும் என்றார். அவள் வந்தாள். இத்தனை தேதியில் இன்ன ஊருக்கு வருகிறேன், நீயும் வா என்று அடுத்த மாநாட்டுக்கும், அதற்கடுத்ததற்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பல ஆண்டுகள் அவளிடமிருந்து சேதியே இல்லை. ஒரு நாள் கடிதம் வந்தது: மின்னணுப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுவிட்டேன் என்று. இதைச் சொல்லும்போது அந்த முதியவரின் குரல் தழுதழுக்கிறது.

அந்தப் பெண் யாரைச் சந்தித்தாள்? கடிதம் எழுதியது ஸ்காட்டிக்கு என்றால், தொலைபேசியை எடுத்தது டூஹன். ஸ்காட்டிக்குக் கை கிடையாது. ஆனால் ஸ்காட்டி இல்லாவிட்டால் டூஹன் என்ற பெயருக்கு அவள் எழுதியே இருக்கமாட்டாள். நம் இல்லங்களில் வழங்கும் ஒரு சொல்லால் இதைச் சொல்லலாம்: பாத்திரம் நடிகரிடம் உள்ள அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவர் அது தம்முடையது என்று சொல்லலாகாது. அப்படி ஒன்று தம்மிடம் இல்லை என்றும் கைவிரிக்கலாகாது. கேட்டு வந்தவரிடம் பழுதின்றிக் கொடுக்க வேண்டும். டூஹன் நூற்பெயர் எதற்கும் அல்லாடாமல் அதைச் செய்தார்.

கறுப்பின நடிகை நிஷெல் நிக்கோல்ஸ் அந்த அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட எண்ணியவர். நாடக மேடைக்குப் போக முடிவு செய்திருந்த வேளையில், ஒரு விழாவில் ரசிகர் ஒருவர் உங்களைக் காண விரும்புகிறார் என்றார்கள். வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். விலகாதீர்கள், உங்கள் பாத்திரம் உங்களுக்கு மட்டும் உரியதன்று என்ற பொருள்பட அவர் சொன்னதை, 2022ல் மறையும் வரை அவ்வம்மையார் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார்.

இனி நிமாயின் இரண்டாம் நூல். படிக்கச் சுவையானது அதுவே. 1984லும் 1986லும் வந்த ஸ்டார் ட்ரெக் படங்களை அவர் இயக்கிய வரலாறு அதில் விரிகிறது; எழுத்தும் முதிர்ந்திருக்கிறது. இருந்தும், தலைப்பைப் பொறுத்தவரை அது ஒரு சமாதான உடன்படிக்கைதான். ரசிகர் கேட்க விரும்பியதைக் கொடுத்துவிட்டார். முதல் தலைப்பு கசந்தாலும் உண்மை. இரண்டாவது இனித்தாலும் உண்மையன்று. விமான நிலையத்துச் சிறுவன் இரண்டாம் அட்டையைப் பார்த்திருந்தால் தலையசைத்து மறுத்திருப்பான்.

ஆனால் ஸ்பாக்கிடம் நிமாய் தம்முடையதையும் கொடுத்திருந்தார் என்பதை மறுக்க முடியாது. நான்கு விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து, உள்ளங்கையைக் காட்டும் வல்கன் வாழ்த்து 1967ல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் முதன்முதலாக வந்தது. அதை அமைத்தவர் நிமாயே. பாஸ்டன் நகரில் யூதக் குடும்பத்துச் சிறுவனாக அவர் தொழுகைக்குச் சென்றிருந்தபோது, குருமார் வழியினர் இரு கைகளையும் நீட்டிச் சபையோரை வாழ்த்தினார்கள். அவ்வேளையில் எவரும் பார்க்கலாகாது என்பது மரபு. சிறுவன் ஒளிந்து பார்த்துவிட்டான். விரல்கள் எபிரெய மொழியின் ஷின் எழுத்தைப் போல் விரிந்திருந்தன. அரபு எழுத்துகளை ஓதிய நம் பிள்ளைகள் ஷீனின் மூன்று பற்களைக் கொண்டு அதன் சாயலை உணர்ந்துகொள்வார்கள். மாநாட்டு மண்டபங்களில் ஆயிரம் கைகள் ஒருங்கே உயரும்போது, உயர்த்துவோரில் பலர் தாம் ஒரு பழைய துஆவின் வடிவத்தை ஏந்தி நிற்பதை அறியார்.

நிமாய் 2015 பிப்ரவரியில் காலமானார். அவர் மகன் ஆடம் எடுத்த 'ஸ்பாக்கின் நேசத்துக்காக' என்ற ஆவணப்படம் 2016ல் வந்தது. ஊரெல்லாம் உரிமை கொண்டாடிய தந்தையோடு நெடுங்காலம் பிணங்கிப் பின்னர் கூடிய ஒரு மகன் எடுத்த படம் அது. இரு நூல்களையும் படித்தவர்கள் அதையும் பார்க்க வேண்டும். மேசைக்கு முன்னே நின்றவர்களின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். மேசைக்குப் பின்னே, வீட்டில் காத்திருந்தவர்களின் கதை அதில்தான் இருக்கிறது.