தமிழை வெட்டும் செயலிகள்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையிலுள்ள சரவணம்பட்டி இன்று மென்பொருள் நிறுவனங்கள் மிகுந்த ஊர். அந்த ஊரின் பெயரையே ஒரு செயலி திரையில் பிழையின்றிக் காட்டுமா என்று பார்ப்போம்.

நமக்குச் ‘சரவணம்பட்டி’ எட்டெழுத்துச் சொல். கணினிக்கோ அது 11 குறியீடுகள். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் ‘ம்’ என்பது மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. ‘ட்’, ‘டி’ ஆகியவையும் அவ்வாறே. ‘எட்டுக்கு மேல் காட்டாதே’ என நிரல் எழுதினால் திரையில் ‘சரவணம்பட’ என்று நிற்கும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 11 என்றே விடை வரும். ஸ்விஃப்ட் மொழி 8 என்கிறது. எழுத்தை எழுத்தாக எண்ணும் கருவிகள் முன்னிரண்டு மொழிகளிலும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தாதது நிரலாளரின் குறையே.

அடுத்த குறை ஒட்டுவேலை. ஊர்ப்பெயரையும் ‘க்கு’ என்னும் உருபையும் நிரல் ஒட்டுகிறது. ‘சரவணம்பட்டிக்கு’ சரியாக வரும். ‘காந்திபுரம்க்கு’ என்பது தமிழாகுமா? ‘காந்திபுரத்திற்கு’ என்றல்லவா வர வேண்டும்? ‘செல்லுமிடம்: காந்திபுரம்’ என அமைத்தால் உருபே தேவைப்படாது.

மூன்றாவது குறை ஆபத்தானது. இடம் போதாதபோது செயலி வாக்கியத்தின் இறுதியை வெட்டிப் புள்ளிகள் இடுகிறது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே வந்துவிடும். தமிழில் அது வினையின் இறுதியில் வரும். ‘பணம் செலுத்தப்பட...’ என்று திரை நின்றால், செலுத்தப்பட்டதா, செலுத்தப்படவில்லையா? ஆங்கிலம் அறிந்தவர் மொழியை மாற்றிப் பார்த்துக்கொள்வார். தமிழ் மட்டும் அறிந்தவர் மீண்டும் ஒருமுறை பணம் அனுப்பக்கூடும்.

‘தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நாங்கள் என்ன செய்வது?’ என்பர் சிலர். பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் கட்டிவிட்டு மொழியைக் குறைகூறுவது முறையன்று. ஆண்ட்ராய்டில் உயரத்தை ‘ராப் கன்டென்ட்’ என விட்டால், இரண்டாம் வரிக்கு ஏற்பப் பெட்டி தானே வளரும். இகர, ஈகாரக் குறிகளின் தலையும் வெட்டுப்படாது.

கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. எழுத்தைச் சேமிக்கும் வழி அன்றே தெளிவாகிவிட்டது. எஞ்சியிருப்பது நிரலாளரின் கவனம் மட்டுமே. நீங்கள் செயலி எழுதக் கற்பவராயின், திரையை முதலில் தமிழில் அமைத்து, எழுத்தளவைப் பெரிதாக்கிச் சோதியுங்கள். அதில் தேறிய திரை ஆங்கிலத்திலும் எளிதில் தேறும்.