மன்னார்க் கடலும் புரத விஞ்ஞானமும்

புரதங்களின் அமைப்பை ஆராயும் சாஸ்திரம் எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மதில்களுக்குள்ளும் தனித்து வளர்ந்ததில்லை. ஜீவராசியைச் சேகரிப்பவர் ஒருவர், அதிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுப்பவர் ஒருவர், அதன் வடிவத்தை அளப்பவர் ஒருவர், அது உடலில் என்ன காரியம் செய்கிறது என்று பரிசோதிப்பவர் வேறொருவர் என்று பலரும் கைகோத்த இடங்களிலேதான் அது செழித்திருக்கிறது. இதற்குத் தமிழகத்தின் சரித்திரமே போதிய சாட்சி. அந்தச் சரித்திரத்தில் இராமநாதபுரம், இராமேசுவரம் கரைக்கு உரிய பங்கு எது, அது எவ்வளவு மதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சென்னையிலிருந்து தொடங்குவதே முறை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், அங்கு விஜயம் செய்த விஞ்ஞானி பெர்னாலின் தூண்டுதலால், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்துள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் மீது கருத்தைச் செலுத்தினார். அதற்குத் தேவையான மாதிரி பௌதிகத் துறையில் ஏது? அடையாற்றிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதற்குத் துணை நின்றது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் காட்டிப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் 1954-55-இல் வெளியிட்ட முடிவு, கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது என்பதாகும். மூன்று இழைகளும் அத்தனை நெருக்கமாகப் பின்னிக்கொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் அமர்ந்தாக வேண்டும் என்ற நுட்பமும் அதனால் விளங்கிற்று.

1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வகுத்த வரைபடம், புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே இயலாது என்று காட்டியது. உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று சோதிக்க இன்றும் அந்தப் படத்தின் மீதுதான் வைத்துப் பார்க்கிறார்கள். 1971-இல் அமெரிக்காவில் வெறும் 7 அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் யாவருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கின்றன. பல தேசத்தார் தம் உழைப்பின் பலனைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்ததனாலேயே, கணினியைக் கொண்டு புரத வடிவத்தை ஊகிக்கும் வித்தை 2024-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெறும் அளவுக்கு வளர முடிந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். 1947-இல் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் முகாமில் வேரூன்றி, 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறும் வரை இங்கிருந்தே தேசம் முழுவதற்கும் வழிகாட்டியது. அதன் மண்டபம் நிலையம் இன்றும் இயங்குகிறது. அதற்கும் முன்பே குருசடைத் தீவின் ஜீவராசிகளைச் சென்னை அருங்காட்சியகத்தார் ஆராய்ந்து 1927-இல் பிரசுரித்திருந்தார்கள். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் பவளப் பாறைகளையும் கொண்ட மன்னார் வளைகுடா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தச் செல்வத்தில் புரத விஞ்ஞானிகளின் கவனத்தை மிகவும் ஈர்த்தது கூம்பு நத்தை.

விசைப்படகின் மடிவலையில் ஏறும் சங்காயம் என்னும் கழிவு மீன்களோடும், நண்டு வலையில் சிக்கியும் கரை சேர்கிற இந்த நத்தை, ஓட்டின் அழகினால் அலங்காரச் சிப்பிக் கடைகளுக்குப் போய்விடுகிறது. பழுப்பு நிறத்தின் மீது வெண்முக்கோணங்கள் சிதறிய ஓடுடைய கோனஸ் அமாடிஸ் என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டை உடைத்து உள்ளே பார்த்தால், தசையாலான ஒரு குமிழும், அதிலிருந்து சுருண்டு சுருண்டு செல்லும் மெல்லிய விஷக் குழலும் தென்படும். குமிழ் சுருங்கும்போது குழலிலுள்ள விஷம், ஈட்டி போன்ற ஒரு பல்லின் வழியே இரையின் உடலில் பாய்கிறது. அந்த விஷமோ ஒரே பொருளன்று; ஒரு நத்தையின் விஷத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு புரதத் துண்டுகள் உண்டு. கந்தகப் பிணைப்புகளால் இறுக முடிச்சிடப்பட்ட அவற்றுள் பல, நரம்பிலுள்ள அயனி வாயில்களில் தமக்குரிய ஒன்றைத் தேடிப் பிடித்து, அடைக்கவோ திறந்தபடி நிறுத்தவோ வல்லவை.

ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிறுவிய மூலக்கூறு உயிர்ப் பௌதிகப் பிரிவில், பி. பலராம் இந்த விஷங்களை ஆராயத் தலைப்பட்டபோது, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் நரம்பியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் அதில் இணைந்தார். இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் கிடைத்த கோனஸ் அமாடிஸ் நத்தையிலிருந்து இவர்களும் பிறரும் சேர்ந்து பிரித்து 2003-இல் அறிவித்த ஏ.எம். 2766 என்னும் நஞ்சு, 26 அமினோ அமிலங்களும் 3 கந்தகப் பிணைப்புகளும் உடையது. அமிலங்களின் வரிசையை அறிய நிறைமாலைமானி உதவியது. சோடியம் வாயில் மூடுவதை அந்த நஞ்சு தாமதப்படுத்துகிறது என்பதை எஸ். கே. சிக்தாரின் மின்னியல் பரிசோதனை நிலைநாட்டியது. அதன் வடிவத்தை எஸ். பி. சர்மா காந்த ஒத்ததிர்வு முறையால் வரைந்தார். இவற்றுள் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நஞ்சு பாதி தெரிந்த பொருளாகவே நின்றிருக்கும்.

இத்தகைய உழைப்பின் பயன் வெறும் அறிவு மட்டுமன்று. பிலிப்பைன்ஸ் கரையில் தொடங்கி அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒலிவேராவின் குழு வளர்த்த ஆராய்ச்சியின் பலனாக, கோனஸ் மேகஸ் நத்தையின் 25 அமினோ அமில நஞ்சு, பொறுக்க முடியாத வலிக்கு முதுகுத்தண்டின் வழியே செலுத்தும் சிகோனோடைடு என்னும் மருந்தாக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பினைப் போல் அது அடிமைப்படுத்துவதில்லை.

ஆனால் இந்தக் கூட்டுறவில் ஒரு குறை இருக்கிறது. நஞ்சின் வரிசை ஒருமுறை தெரிந்துவிட்டால், அதைச் சோதனைச்சாலையிலேயே செயற்கையாகச் செய்துகொள்ளலாம். அதன்பின் நத்தையும் வேண்டாம், கரையும் வேண்டாம். கோனஸ் இனங்களைச் சேகரித்துத் தந்த வலைஞருக்கும் அவர் வாழும் கிராமத்துக்கும் உரியது என்ன என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் பயனைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. விதி இருந்தும், ஆராய்ச்சிக் கூட்டணிகள் உருவாகும்போது கரையோரத்தாருக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எந்த மணலில் எந்த நத்தை கிடைக்கும் என்று சொல்ல வல்லவர் மீனவரே. அந்த ஞானத்தை மாதிரி சேகரிப்புக் கூலி என்ற கணக்கில் முடித்துவிடுவது நியாயமாகாது.

நம்பிக்கை தரும் மாறுதலும் உண்டு. மரபணுச் செய்திகளைப் படிக்கும் புதிய முறைகளால், ஓர் இனத்துக்கு ஒன்றிரண்டு நத்தைகளே போதுமானவையாகி வருகின்றன. பலராமின் குழுவினர் 9 இனங்களை இவ்வாறு ஒருசேர ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே கடலைச் சூறையாடாமலே இந்த ஆராய்ச்சியை விரிக்கலாம். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும், மண்டபத்தில் கடல் மீன்வள நிலையமும் இருக்கையில், மாதிரியைப் பிரித்து, சுத்திகரித்து, அளக்கும் முதற்கட்ட வேலையையாவது இந்தக் கரையிலேயே நடத்தவும், ஆய்வுரைகளில் கரையின் மாணவர் பெயரையும் ஒப்பந்தங்களில் மீனவர் சங்கத்தின் பெயரையும் எழுதவும் தடையொன்றுமில்லை. பெங்களூரும் சென்னையும் மும்பையும் இனி இக்கரையோடு செய்யும் எந்த உடன்படிக்கையிலும் இந்த இரண்டும் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.